டி.ஓ. பள்ளி செகண்டரி கட்டுரைகள்: ‘ஏன் ஆஸ்டியோபதி?’ என்பதற்கு என்ன எழுதுவது?

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் எட்டுப் பள்ளிகளிலிருந்து செகண்டரி, அதாவது இரண்டாம் கட்ட விண்ணப்பக் கேள்விகள், வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் ‘ஏன் ஆஸ்டியோபதி மருத்துவம்?’ என்று ஏதோ ஒரு வடிவில் கேட்டிருக்கிறார்கள், ‘உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவம்’ என்று ஒரே கட்டுரை எழுதி எட்டுக்கும் அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வயதில் திருச்சியிலிருந்து ஒஹாயோ வந்தது, இரண்டாம் ஆண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கியது, மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 503 வாங்கியது, வழக்கமான மருத்துவப் பட்டம் தரும் எம்.டி. பள்ளிகளுக்கும் போட்டிருப்பது, வீட்டில் ‘அது எலும்பு வைத்தியமா?’ என்று கேட்பது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் உங்கள் கேள்வி இது என்று எடுத்துக்கொள்கிறேன்: மருத்துவராக வேண்டும் என்பது நிச்சயம், ஆனால் டி.ஓ.வாகத்தான் ஆக வேண்டும் என்று நினைத்ததில்லை. நினைக்காததை நினைத்ததாக எழுதித்தான் தீர வேண்டுமா? வேண்டாம் தம்பி. அப்படி எழுதினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அதைவிட, உண்மையிலேயே உங்களிடம் இருக்கும் காரணங்களைத் தேடிப் பார்க்க இந்தக் கட்டுரை தரும் வாய்ப்பு வீணாகிவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யலாம். டி.ஓ. படித்து, மிச்சிகனில் ஒரு சிறு ஊரில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். பல ஆண்டுகள் ஒரு டி.ஓ. பள்ளியின் சேர்க்கைக் குழுவில் இருந்து செகண்டரிகளைப் படித்திருக்கிறேன், இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். எனவே ஒரு பள்ளியின் மேசையில் என்ன நடந்தது என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். மற்ற பள்ளிகளைப் பற்றிச் சொல்வது அங்கிருக்கும் நண்பர்களிடம் பேசித் தெரிந்துகொண்டதும், அந்தப் பள்ளிகள் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதும்தான். எந்தக் கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் என்று எல்லாப் பள்ளிக்கும் பொதுவான கணக்கு சொல்பவர்களை நம்பாதீர்கள். அப்படி ஒரு கணக்கு கிடையாது.

முதலில் இந்தக் கட்டுரை எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்ப்போம். டி.ஓ. பள்ளிகளுக்கான பொது விண்ணப்பம் ஆக்கோமாஸ் என்ற விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறது. அதில் உங்கள் பெர்சனல் ஸ்டேட்மென்ட் இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அது எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி போய்விடும். பிறகு ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று கேள்விகள் அனுப்பி, தனிக் கட்டணமும் வாங்குவதுதான் செகண்டரி. சில பள்ளிகள் மதிப்பெண்களைப் பார்த்து வடிகட்டிய பிறகு அனுப்பும், சில பள்ளிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் அனுப்பிவிடும். ஆகவே செகண்டரி வந்துவிட்டது என்பதாலேயே பள்ளிக்கு உங்களைப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். படிக்க உட்காரும்போது எங்கள் முன்னால் உங்கள் மதிப்பெண், அனுபவப் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் ஏற்கெனவே திறந்திருக்கும். ஒரு விண்ணப்பத்துக்குக் கால் மணி, மிஞ்சினால் அரை மணி நேரம். பெர்சனல் ஸ்டேட்மென்டில் நீங்கள் ஏன் மருத்துவத்துக்கு வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். செகண்டரியில் நான் தேடுவது இரண்டே விஷயங்கள். இவருக்கு இந்தத் தொழில் என்னவென்று தெரியுமா? இடம் கொடுத்தால் இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம் இருந்து படிப்பாரா? நல்ல நடையும் உருக்கமும் இருந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் இந்த இரண்டுக்கும் விடை இல்லாத அழகான கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறேன்.

‘ஏன் ஆஸ்டியோபதி?’ என்று இவர்கள் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் கேள்வியின் தொனி உங்களுக்குப் புரிந்துவிடும். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864இல் மூளை உறைக் காய்ச்சலில் தன் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தார். பாதரச மருந்தும் ரத்தம் எடுப்பதும் சாராயமும் மருத்துவம் என்று இருந்த காலம் அது. மருந்து காப்பாற்றவில்லை, பல நேரம் கெடுதலே செய்தது என்ற கோபத்திலிருந்துதான், உடலின் அமைப்பைச் சரியாக வைத்தால் உடல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்துக்கு வந்தார். 1874இல் அதை வெளிப்படையாக அறிவித்தார், 1892இல் மிசூரியின் கர்க்ஸ்வில்லில் முதல் பள்ளியைத் தொடங்கினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்தத் தொழிலைப் போலி மருத்துவம் என்று எம்.டி.க்களின் சங்கம் ஒதுக்கி வைத்தது. 1966இல்தான் அமெரிக்க ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்க வழி பிறந்தது. கலிஃபோர்னியாவில் நடந்தது இன்னும் முக்கியம். 1962இல் அங்கிருந்த டி.ஓ. பள்ளியே எம்.டி. பள்ளியாக மாறியது, ஏறத்தாழ 2,000 டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள், புதிய டி.ஓ.க்களுக்கு அந்த மாநிலத்தில் உரிமம் நிறுத்தப்பட்டது. 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது திரும்ப வந்தது. வாய்ப்புக் கிடைத்தால் நம் ஆட்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்று ஒருமுறை கண்ணால் பார்த்த தொழில் இது. மூத்த டி.ஓ. ஒருவர் உங்களிடம் ‘ஏன் இங்கே?’ என்று கேட்கும்போது அந்த நினைவும் கூடவே இருக்கிறது.

இன்றைய நிலை வேறு. டி.ஓ.க்களுக்கு ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமம் உண்டு. அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள், இதய மருத்துவமும் பார்க்கிறார்கள். 2020 ஜூன் மாதத்தோடு இரு தரப்பின் ரெசிடென்சிகளும், அதாவது பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சிகளும், ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. அமெரிக்காவில் மருத்துவம் படிப்பவர்களில் நாலில் ஒருவர் டி.ஓ. பள்ளியில் இருக்கிறார். வீட்டில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆர்த்தோபீடிக்ஸ் வேறு, ஆஸ்டியோபதி வேறு என்பதையும், பிரிட்டனிலோ இந்தியாவிலோ ஆஸ்டியோபத் என்று போர்டு மாட்டியிருப்பவர் கையால் சிகிச்சை தருபவர், அமெரிக்க டி.ஓ. போல மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டுரையில் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். ‘டி.ஓ.வும் எம்.டி.யும் இப்போது சமம்தான்’ என்று பள்ளிக்கே விளக்கும் கட்டுரைகள் ஒவ்வொரு வருடமும் வரும். அதில் படிப்பவருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. எழுதியவரின் மனத்தில் இன்னும் ஒரு சமாதானம் தேவைப்படுகிறது என்பது மட்டும் தெரியும்.

இப்போது உங்கள் ‘உடல், மனம், ஆன்மா’ வரிக்கு வருகிறேன். அது ஆஸ்டியோபதியின் நான்கு கொள்கைகளில் முதலாவது. மனிதன் உடல், மனம், ஆன்மா சேர்ந்த ஒரே அலகு. உடலுக்குத் தன்னைச் சீர்படுத்திக்கொள்ளும் திறன் உண்டு. அமைப்பும் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை. இந்த மூன்றையும் வைத்தே சிகிச்சை அமைய வேண்டும். இந்த நான்கையும் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மனப்பாடமாகச் சொல்வார். அவருக்கே திருப்பிச் சொல்வதால் பயனில்லை. அதை விடவும் கெடுதல், இந்த வரி எழுதும்போது கை தானாக அடுத்த வரியில் ‘எம்.டி.க்கள் நோயை மட்டும் பார்க்கிறார்கள், டி.ஓ.க்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள்’ என்று எழுதிவிடும். அது உண்மையும் அல்ல. நோயாளியை முழுதாகப் பார்க்கும் எம்.டி.க்கள் எத்தனையோ பேர். டி.ஓ. பள்ளிகளில் பாடம் எடுப்பவர்களிலேயே எம்.டி.க்கள் உண்டு, உங்கள் கட்டுரையைப் படிப்பவரே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

நான்கு கொள்கையில் ஒன்றே ஒன்றை எடுங்கள். அது உங்கள் கண்ணெதிரே நடந்த இடத்தை எழுதுங்கள். ஒரு மாதிரி சொல்கிறேன், இதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, கற்பனையாக நான் கட்டியது. ‘நோயாளியை முழுமையாக அணுகும் ஆஸ்டியோபதி தத்துவம் என்னை ஈர்த்தது’ என்று எழுதுகிறார் ஒருவர். இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: ‘நான் ஸ்க்ரைபாக (மருத்துவருக்காகக் குறிப்பு எழுதுபவராக) வேலை பார்த்த கிளினிக்கில் ஒரு லாரி ஓட்டுநர் மாதக்கணக்கில் தலைவலி என்று வந்தார். மருத்துவர் அவரைத் தன் வண்டி சீட்டில் உட்காருவது போல உட்காரச் சொல்லி, பின்னாலிருந்து கழுத்தையும் மேல் விலா எலும்பையும் தொட்டுப் பார்த்தார். வலது பக்கம் மூச்சோடு அசையவில்லை என்றார். எனக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியவில்லை. சிகிச்சை முடிந்து அவர் தலையைத் திருப்பிய விதம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றே ரத்த அழுத்த மாத்திரையையும் மாற்றி எழுதினார். கையாலும் மருந்தாலும் ஒரே அறையில் வேலை செய்த அந்த இருபது நிமிடத்தைத்தான் நான் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.’ இரண்டாவது கட்டுரையில் ‘முழுமை’ என்ற சொல்லே இல்லை. தனக்குக் கையில் தெரியவில்லை என்று அவர் ஒத்துக்கொண்ட வரியில்தான் நான் அவரை நம்பத் தொடங்குவேன், ஏனென்றால் முதல் ஆண்டு ஆய்வகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆஸ்டியோபதிக் கைச்சிகிச்சை, ஓ.எம்.எம்., பற்றி எவ்வளவு நம்பிக்கையோடு எழுதலாம்? டி.ஓ. மாணவர்கள் மற்ற மருத்துவப் பாடங்களோடு கூடுதலாகச் சுமார் 200 மணி நேரம் இதில் பயிற்சி பெறுகிறார்கள் என்பது நிச்சயம். கீழ்முதுகு வலிக்கு அது உதவும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், கைச்சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவுக்குத்தான் குணமடைந்தார்கள், ஆனால் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. வலி மாத்திரை பழக்கம் இந்த நாட்டில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. மறுபக்கம், மண்டையோட்டு எலும்புகளின் நுண் அசைவை உணர்ந்து சிகிச்சை தரலாம் என்ற கிரேனியல் முறைக்கு ஆதாரம் பலவீனம், டி.ஓ.க்களுக்குள்ளேயே அதில் வாதம் உண்டு. படித்து முடித்த டி.ஓ.க்களில் பெரும்பாலோர் அன்றாட வேலையில் கைச்சிகிச்சையை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே ‘என் ஒவ்வொரு நோயாளிக்கும் இதைப் பயன்படுத்துவேன்’ என்று உறுதி கூற வேண்டாம். ‘இதைக் கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன், எங்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது, எங்கே இல்லை என்று அறிந்து பயன்படுத்த விரும்புகிறேன்’ என்ற பொருளில் எழுதினால் எந்த நேர்மையான டி.ஓ.வும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆவலே இல்லை என்றால் அது வேறு விஷயம். இரண்டு வருடம் வாரா வாரம் சக மாணவர்களின் முதுகைத் தொட்டுப் படிக்க வேண்டிய படிப்பு இது. அது பிடிக்காது என்று இப்போதே தெரிந்தால் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.

டி.ஓ. மருத்துவர் யாரையும் அதிகம் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். கட்டுரையில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தின் தளத்தில் ஊர் வாரியாக டி.ஓ.க்களைத் தேடும் வசதி இருக்கிறது. ஒஹாயோவில் மாநிலச் சங்கமும் இருக்கிறது. பக்கத்துக் கிளினிக்குகளுக்குத் தொலைபேசியில் பேசி, ‘நான் பிரீமெட் மாணவன், அரை நாள் கூட இருந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். பலர் மறுப்பார்கள், நோயாளிகளின் அந்தரங்கம் காரணமாக அனுமதி சிக்கல்கள் உண்டு. யாராவது ஒருவர் ஒத்துக்கொள்வார், அனேகமாக ஒரு குடும்ப மருத்துவர். கூர்ந்து பார்த்த அரை நாள் ஒரு கட்டுரைக்குப் போதும். சில பள்ளிகள் டி.ஓ. ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தைக் கட்டாயமாகவே கேட்கின்றன, சில விரும்புகின்றன. உங்கள் எட்டில் எது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே ‘அந்த மருத்துவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றுதான் வரும்.

நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டி கஷாயம் வைத்துக் கொடுத்தார், தாத்தா சித்த வைத்தியம் பார்த்தார், ஆகவே இயற்கையாகவே எனக்கு ஆஸ்டியோபதி ஒத்துப்போகிறது என்று ஒரு பாலம் கட்டுவார்கள். அந்தப் பாலம் நிற்பதில்லை. சித்த மருத்துவத்துக்கென்று தனிக் கோட்பாடும் மருந்து நூல்களும் உண்டு. ஆஸ்டியோபதி பிறந்தது மருந்துகளை நம்பாத ஒரு அமெரிக்க எல்லைப்புற மருத்துவரிடம். இரண்டையும் ‘இயற்கை’ என்ற ஒரு பையில் போட்டால் இரண்டும் தெரியாது என்றுதான் ஆகும். பாட்டி கதை வேலை செய்யும் இடம் வேறு. திருச்சியில் உங்கள் பாட்டிக்குச் சர்க்கரை நோய், டாக்டர் எழுதிய மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு மீதிக்கு வெந்தயத்தை நம்பினார், யாரும் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை என்றால், அது நோயாளியின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மருத்துவர் கேட்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றிய கதை. ‘உங்கள் பின்னணி வகுப்புக்கு என்ன தரும்?’ என்ற கேள்விக்கு அது நன்றாகப் பொருந்தும். ‘ஏன் ஆஸ்டியோபதி?’ என்பதில் அதைத் திணிக்க வேண்டாம்.

ஒரே கட்டுரையை எட்டுக்கும் அனுப்பலாமா என்ற கேள்விக்குப் பதில் கேள்வியைப் பொறுத்தது. ‘ஏன் ஆஸ்டியோபதி’, ‘சந்தித்த சவால்’, ‘பின்னணி’ ஆகியவற்றுக்கு ஒரு நல்ல மூலத்தை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளி கேட்கும் கோணத்துக்கும் எழுத்து அளவுக்கும் ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். எல்லோரும் அதைச் செய்கிறார்கள், தவறில்லை. ‘ஏன் எங்கள் பள்ளி?’ என்பதை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. டி.ஓ. பள்ளிகள் பலவும் ஒரு குறிப்பிட்ட மக்களுக்காகத் தொடங்கப்பட்டவை. அந்த நோக்கம் பெயர்ப்பலகை அல்ல, சேர்க்கையில் உண்மையிலேயே எடைபோடப்படுவது. கென்டக்கியின் பைக்வில் பள்ளி, மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க் பள்ளி இரண்டும் அப்பலேச்சியா மலைப்பகுதிக் கிராமங்களுக்கு மருத்துவர்களை உருவாக்கவே இருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளிக்கு வடமேற்கின் கிராமப்புறம். நியூயார்க்கில் டூரோ பள்ளி, கறுப்பின மக்களின் பகுதியாக அறியப்பட்ட ஹார்லெமில் இருப்பது தற்செயல் அல்ல. ஓக்லஹோமாவின் டாலக்குவாவில் 2020இல் தொடங்கிய வளாகம் செரோக்கி பழங்குடி தேசத்தோடு சேர்ந்து நடத்தப்படுவது. அரிசோனாவின் மெசாவில் இருக்கும் ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகப் பள்ளி இரண்டாம் ஆண்டிலேயே மாணவர்களை நாடெங்கும் உள்ள சமூகச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிவிடும். ஃப்ளோரிடாவின் பிரேடன்டனில் இருக்கும் லேக் ஈரி பள்ளி வகுப்புச் சொற்பொழிவுக்குப் பதில் சிறு குழுக்களாக நோயாளி வழக்குகளைப் பேசிப் படிக்கும் முறையில் நடக்கிறது. அதே முறையில்தான் படிக்க முடியும் என்று இருப்பவருக்கு அது வரம், பிறருக்குக் கஷ்டம். ஒஹாயோவாசியான உங்களுக்கு ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஹெரிட்டேஜ் பள்ளி முக்கியம். ஒஹாயோவுக்கு, அதிலும் அதன் தென்கிழக்கு மலைப்பகுதிக்கு, மருத்துவர்களைத் தருவதுதான் அதன் பணி என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே எழுதும்போது உங்கள் ஆறேழு வருட ஒஹாயோ வாழ்க்கை பேச வேண்டும்.

இந்த நோக்கங்களைத் தளத்திலிருந்து எடுத்து அப்படியே புகழ்ந்தால் போதாது. நோக்கத்துக்கு எதிரே உங்கள் செயல் ஒன்று நிற்க வேண்டும். கிராமப்புறத்தில் வேலை செய்ய ஆசை என்று எழுதுபவரின் அனுபவப் பட்டியலில் எல்லாமே பெருநகர மருத்துவமனை என்றால் நான் நம்புவதற்கு எதைப் பிடித்துக்கொள்வது? அப்படி எதுவும் இல்லாத பள்ளி உங்கள் எட்டில் இருந்தால், உண்மையான வேறு காரணத்தைத் தேடுங்கள். ஒரு இடத்தைச் சொல்கிறேன், பலரும் பார்ப்பதில்லை. டி.ஓ. பள்ளிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களைப் பல ஊர்களில் இருக்கும் மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். எந்தெந்த ஊர், எத்தனை பேர், விருப்பம் கேட்பார்களா, குலுக்கலா என்பதைப் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘உங்கள் மூன்றாம் ஆண்டு இடங்களில் இந்த ஊர் இருக்கிறது, அங்கே என் அக்கா குடும்பம் இருக்கிறது, அந்த மருத்துவமனையில் குடும்ப மருத்துவ ரெசிடென்சியும் இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினால், இவர் வருவார் என்று எனக்குத் தோன்றும். இது கட்டுரைக்காக மட்டும் சொல்வதல்ல. வாழப்போகிறவர் நீங்கள், தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

எம்.டி. பள்ளிகளுக்கும் விண்ணப்பித்திருப்பதை மறைக்க வேண்டுமா என்று கவலைப்படுகிறீர்கள். கேட்காத இடத்தில் சொல்ல வேண்டாம், கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் இரண்டுக்கும் போடுகிறார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ‘மருத்துவராவதுதான் முதல் ஆசை, டி.ஓ. வழியை அருகிலிருந்து பார்த்த பிறகு அதில் எனக்குப் பிடித்தது இது’ என்ற வரிசை உண்மையாக இருந்தால் அதையே எழுதலாம். முதல் நாளிலிருந்தே ஆஸ்டியோபதி கனவு என்று எழுத வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சி பற்றிச் சுருக்கமாக. பள்ளி தனியாகக் கேட்டிருந்தால் மட்டும் விளக்குங்கள். என்ன நடந்தது என்பதற்கு இரண்டு வாக்கியம், அதன் பிறகு என்ன மாற்றினீர்கள், அடுத்த பாடங்களில் என்ன வந்தது என்பதற்கு மீதி. பேராசிரியரைக் குறை சொல்லும் அரை வாக்கியம்கூட வேண்டாம். திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஆக்கோமாஸில் அந்த வசதி 2017இலேயே நின்றுவிட்டது. இப்போது இரண்டு முயற்சியும் கணக்கில் வரும். 503 டி.ஓ. பள்ளிகளில் சேர்பவர்களின் சராசரியை ஒட்டியதுதான், அதை எங்கும் விளக்க முயல வேண்டாம்.

சவால் பற்றிய கேள்விக்குப் பதினாறு வயதில் நாடு மாறியதை எழுதலாமா? எழுதலாம், ஆனால் அந்தத் தலைப்பில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதனால் துன்பத்தின் அளவை வைத்து யாரும் முன்னுக்கு வர முடியாது. பொதுவாக ‘மொழி தெரியாமல் தவித்தேன், விடாமுயற்சியால் வென்றேன்’ என்று போகாமல் ஒரு சின்ன இடத்தில் நில்லுங்கள். பள்ளிக் கூட்டங்களில் அம்மாவுக்கு நீங்கள் மொழிபெயர்த்திருக்கலாம், மருந்துக்கடையில் இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டி நீங்களே பேசியிருக்கலாம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், இன்று கிளினிக்கில் ஆங்கிலம் தடுமாறும் ஒருவர் வந்தால் என்ன வேறு மாதிரி செய்கிறீர்கள் என்பது வரை எழுதினால் போதும்.

எப்போது அனுப்புவது என்பதில், இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் வழக்கம். தனியாகக் கெடு தேதி கொடுத்த பள்ளி தவிர மற்றவற்றில் அது சட்டம் அல்ல. நிச்சயமானது என்னவென்றால், பெரும்பாலான டி.ஓ. பள்ளிகள் விண்ணப்பம் வர வர இன்டர்வியூவுக்கு அழைத்து, இடங்களையும் நிரப்பிக்கொண்டே போகின்றன. தாமதித்தால் மிச்சமிருக்கும் இடங்கள் குறையும். ஆனால் மூன்று நாள் முன்னதாக அனுப்பியதால் ஒரு மோசமான கட்டுரை நல்லதாகிவிடாது. வேறு பள்ளியின் பெயரோடு வந்த கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன், எல்லாம் அவசரத்தில் நடந்தவை. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் எழுதி வாங்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். விண்ணப்பத்தில் எழுத்து உங்களுடையது என்று உறுதி கொடுத்துக் கையொப்பமிடுகிறீர்கள், பள்ளிகளின் விதிகளும் ஒரே மாதிரி இல்லை, ஆகவே ஒவ்வொன்றையும் படியுங்கள். என் அனுபவத்தில் அப்படி வந்த கட்டுரைகளில் மேலே சொன்ன லாரி ஓட்டுநர் இருக்க மாட்டார், எல்லா நோயாளியும் ‘பலதரப்பட்ட பின்னணி கொண்டவர்கள்’ ஆகிவிடுவார்கள். பிழை திருத்த ஒரு நண்பரிடம் கொடுங்கள், ஒருவரே போதும். ஐந்து பேர் திருத்தினால் கட்டுரையில் நீங்கள் காணாமல் போய்விடுவீர்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வாரம் தொலைபேசியில் டி.ஓ.க்களைத் தேடுவேன். பதில் வரும் வரை சவால், பின்னணி இரண்டையும் எழுதிவிடுவேன், அவற்றுக்கு யாருடைய தயவும் வேண்டாம். எட்டுப் பள்ளிகளின் நோக்கத்தையும் மூன்றாம் ஆண்டு ஊர்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, எதற்கு எதிரே எழுத என்னிடம் ஒன்றுமே இல்லையோ அந்தப் பள்ளிக்குக் கட்டணம் கட்டும் முன் இன்னொரு முறை யோசிப்பேன். கிளினிக் போய்வந்த அன்று இரவே, பார்த்ததை அலங்காரமில்லாமல் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் ‘ஏன் ஆஸ்டியோபதி’ வர வேண்டும். வரைவு தயாரானதும் பள்ளியின் பெயர், மருத்துவரின் பெயர், நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இங்கேயே போடுங்கள், படித்துவிட்டு எங்கே நம்ப முடியவில்லை என்று வரி வரியாகச் சொல்கிறேன்.